சோனியின் காரைதீவுப் படையணி

யுத்தம் முடிந்துவிட்டது. யாராவது காரைதீவுப் பொடியன்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

2025 ஒக்டோபரில் மைக்ரோசொப்ட் ஓர் அறிவிப்பு விட்டது. 2001இலிருந்து எக்ஸ்பொக்ஸ் கோட்டையின் கொடியாகப் பறந்த 'ஹேலோ' விளையாட்டு, 2026இல் சோனியின் பிளேஸ்டேஷனுக்கும் வருகிறதாம். அதற்கு முன்பே 'போர்சா ஹொரைசன் 5' போய்விட்டது. 'கியர்ஸ் ஒப் வோர்' போய்விட்டது. கால் நூற்றாண்டுப் பகை. கணக்குப் பார்த்தார்கள், பகை கட்டுப்படியாகவில்லை. தளபதிகள் கைகுலுக்கிவிட்டார்கள். சிப்பாய்கள் மட்டும் காரைதீவிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் கல்முனையிலும் இரவு இரண்டு மணிவரை கொமெண்ட் பகுதியில் பதுங்குகுழி வெட்டிக்கொண்டு கிடக்கிறார்கள். 'எக்ஸ்பொக்ஸ் செத்துப்போச்சு' என்கிறான் ஒருவன். 'உன்ட பிளேஸ்டேஷன் வெறும் டப்பா' என்கிறான் மற்றவன். மூன்றாவது கொமெண்டில் தாயை இழுத்துவிடுவார்கள். அந்தத் தாய்மார் பக்கத்து அறையில் தூங்குகிறார்கள். விடியப்புறம் எழும்பி இடியப்பம் அவிக்க வேண்டும்.

எதற்கடா சண்டை என்று கேட்டால் இலக்கம் சொல்வார்கள். 2020 நவம்பரில் இரண்டு விளையாட்டுப் பெட்டிகளும் சந்தைக்கு வந்தபோது பிளேஸ்டேஷன் 5க்கு 10.28 டெராபுளொப்ஸ். எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எக்ஸுக்கு 12. ஒரு டெராபுளொப்ஸ் என்றால் செக்கனுக்கு ஓர் இலட்சம் கோடிக் கணக்கு. காரைதீவு விபுலாநந்த அடிகள் பிறந்த ஊர். கண்ணால் காணாத யாழ்களின் நரம்புக்கும் சுருதிக்கும் கணக்குப் போட்டு 'யாழ் நூல்' எழுதினார் அவர். 1947இல் அது அரங்கேறியது. இன்றைய பிள்ளைகளும் கண்ணால் காணாத பெட்டிக்குத்தான் கணக்குப் போடுகிறார்கள். மரபு அறுந்துபோகவில்லை.

கண்ணால் காணாத என்று வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. படையணியில் பெரும்பாலானவர்களின் ஆயுதம் திரை வெடித்த ஒரு போன். அதில் ப்ரீ பயர் விளையாட்டு. ரீலோட் போட வாப்பாவிடமோ அப்பாவிடமோ கை நீட்ட வேண்டும். பெட்டி உள்ள சில வீடுகளிலும் அது கட்டாரில் வெயிலில் நிற்கும் ஓர் அண்ணனோ காக்காவோ அனுப்பியதாக இருக்கும். அமெரிக்காவில் அதன் விலை 499 டொலராக இருந்தது. வந்த புதிதில் நம் காசுக்கு ஓர் இலட்சத்துக்குள் அடங்கியிருக்கும். 2022 நடுவில் டொலர் 360 ரூபாவுக்குப் போனபோது அதே 499, ஓர் இலட்சத்து எண்பதினாயிரம் ஆயிற்று. வரியும் கடைக்காரரின் இலாபமும் தனி. பழசாகப் பழசாகப் பெட்டியின் விலை இறங்கும் என்பது பழைய நம்பிக்கை. 2025 ஓகஸ்டில் சோனி, ஐந்து வயதை நெருங்கும் பெட்டிக்கு அமெரிக்காவில் 50 டொலர் கூட்டியது. அதற்கும் இங்கே வக்கீல்கள் கிளம்பினார்கள். பணவீக்கம், விநியோகச் சங்கிலி, ஜப்பானிய யென் என்று விளக்கம் தந்தார்கள். மரக்கறி விலை ஏன் ஏறியது என்று கேட்டால் இவர்களில் ஒருவனுக்கும் வாய் திறக்காது.

இனித்தான் சங்கதி இருக்கிறது.

சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வேர்க்கில் கணக்குத் திறக்கப் போனால், உங்கள் நாடு எது என்று படிவம் கேட்கும். 2024இல் அந்தப் பட்டியலைக் கீழே இழுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்தியா இருந்தது. மலேசியா இருந்தது. மோல்ட்டா இருந்தது. இலங்கை இல்லை. நம் படைவீரன் அசருவானா? அமெரிக்காவில் பிறந்துகொண்டான். துபாயில் வீடு எடுத்துக்கொண்டான். கூகுள் மெப்பில் ஒரு தெருவைப் பொறுக்கி அதை நிரந்தர முகவரியாக்கினான். சோனிக்காகச் சொந்த மச்சானோடு பேச்சை நிறுத்தியவன், சோனியின் கண்ணில் பிறக்கவே இல்லை.

இது வெறும் படிவக் கோளாறு என்று நினைத்தவர்களுக்கு 2024 மே மாதம் பாடம் எடுத்தது. 'ஹெல்டைவர்ஸ் 2' அந்த வருடம் பெப்ரவரியில் வந்து உலகெங்கும் விற்றுத் தள்ளிய விளையாட்டு. கொம்பியூட்டரில் ஆடுவோரும் சோனிக் கணக்கை இணைத்தே ஆக வேண்டும் என்று திடீரென்று கட்டளை பிறந்தது. கணக்குத் திறக்க முடியாத 177 நாடுகளில் ஸ்டீம் இணையக் கடையில் விற்பனை நின்றது. அதில் நாமும் ஒன்று. காசை வாங்கும்போது யாரும் நாடு கேட்கவில்லை.

உலகம் கொதித்தது. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட எதிர் மதிப்புரைகள் ஸ்டீமில் குவிந்தன. சில நாட்களில் சோனி பின்வாங்கியது. கொமெண்ட் போட்டே ஒரு பூதக் கொம்பனியைப் பணிய வைத்த அபூர்வ சம்பவம். அமெரிக்கனும் ஐரோப்பியனும் வெற்றி விழாக் கொண்டாடினார்கள். கட்டளை போன பிறகும் அந்த 177 நாடுகளில் கடைக்கதவு திறக்கவில்லை. அதே மாதம் கொம்பியூட்டருக்கு வந்த 'கோஸ்ட் ஒப் சுஷிமா'வுக்கும் அங்கே விற்பனை இல்லை. வென்றவர்கள் விளையாடப் போய்விட்டார்கள். நாம் வாசலில் நின்றோம். அப்படி நின்றபடியே, கொம்பனிக்கும் பாதுகாப்புப் பிரச்சினைகள் இருக்குமே என்று இரங்குவதற்கும் இங்கே ஆள் இருந்தது.

காசு கொடுத்து வாங்கியது நமதா என்பது அடுத்த கூத்து. 2014இல் விற்ற 'த குரூ' விளையாட்டின் சேர்வரை யுபிசொப்ட் கொம்பனி 2024 மார்ச் 31இல் அணைத்தது. தட்டு அலுமாரியில் இருக்கிறது, விளையாட முடியாது. ஐரோப்பாவில் இதற்கு எதிராகப் பத்து இலட்சத்துக்கு மேல் கையொப்பம் சேர்ந்தது. நம் படையணி அப்போதும் 10.28ஐயும் 12ஐயும் கழித்துக்கொண்டிருந்தது.

கொம்பனிகளை மட்டும் ஏசினால் அரசாங்கம் மனம் நோகும். அதற்கும் பங்கு கொடுப்போம்.

2021 செப்டம்பர். கொரோனாவில் பாடசாலைகள் பூட்டிக் கிடந்தன. பாடம், பரீட்சைத் தயாரிப்பு, ஆசிரியரின் குரல் எல்லாம் வட்ஸ்அப்பில் வந்தன. அந்த நேரம் பார்த்து மத்திய வங்கி 623 வகைப் பொருட்களை அவசியமற்றவை என்று பட்டியலிட்டு, இறக்குமதிக்கு முழுப் பெறுமதியையும் முன்கூட்டியே காசாகக் கட்டச் சொன்னது. பட்டியலில் போனும் இருந்தது. பள்ளிக்கூடமே அவசியமற்ற பொருளாகிவிட்ட நாள் அது. பிறகு 2024 ஜனவரி முதலாம் திகதி வற் வரி 18 சதவீதமானது. அதுவரை வற்றிலிருந்து தப்பியிருந்த போனும் வலையில் விழுந்தது. அதன் பிறகும் மேடை மேடையாக 'டிஜிட்டல் இலங்கை' என்று முழங்கினார்கள்.

முழக்கம் புதிதல்ல. 2015 ஜூலையில் கூகுள் பலூன்கள் வானத்தில் மிதந்து நாடு முழுவதற்கும் இணையம் பொழியும் என்று ஒப்பந்தம் செய்தார்கள். உலகிலேயே முதல் நாடு நாம்தான் என்றார்கள். 2016 பெப்ரவரியில் ஒரு பலூன் கம்பளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கிடந்தது. விழவில்லை, திட்டமிட்டே இறக்கினோம் என்று விளக்கம் வந்தது. இந்த நாட்டில் எல்லாம் திட்டமிட்டே இறங்குகின்றன. 2021 ஜனவரியில் கூகுளின் தாய்க் கொம்பனி பலூன் திட்டத்தையே இழுத்து மூடியது. அதே வருடம் ஊவாவின் பொஹிட்டியாவக் கிராமத்துப் பிள்ளைகள், ஒன்லைன் வகுப்புக்குச் சிக்னல் தேடிக் காட்டு வழியே நடந்து மலைப்பாறையில் ஏறி உட்கார்ந்தார்கள். படம் வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வந்தது. நாட்டுக்குக் கிடைத்த இலவச விளம்பரம்.

பெரியவர்களை விட்டுவிட்டோம் என்று யாரும் குறைப்பட வேண்டாம். கேம் விளையாடிப் பிள்ளைகள் நாசமாகிறார்கள் என்று அவர்கள் முகநூலில் எழுதுகிறார்கள். காலையில் எழுதுகிறார்கள், பகலில் பகிர்கிறார்கள், இரவில் லைக் எண்ணுகிறார்கள். போனைக் கீழே வை என்று பிள்ளையை அதட்டும்போதும் அவர்கள் கண் போனில்தான் இருக்கிறது. துப்பாக்கி விளையாட்டு வன்முறையை வளர்க்குமாம். இருக்கலாம். அம்பாறை மாவட்டத்தில் வன்முறை எப்படி வளர்ந்தது என்று நமக்கு ஆராய்ச்சி தேவையில்லை.

2018 பெப்ரவரி 26. அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக்கடை. சாப்பாட்டில் ஒரு மாக்கட்டி. அது மலடாக்கும் மாத்திரை என்றார்கள். அப்படியொரு மாத்திரை உலகத்திலேயே இல்லை. அந்த இரவில் பள்ளிவாசல் தாக்கப்பட்டது, கடைகளும் வாகனங்களும் நொறுங்கின. கட்டி வெறும் மா என்று அரச பகுப்பாய்வாளர் பிறகு சொன்னார். அதற்குள் வதந்தி முகநூல் ஏறிக் கண்டிக்குப் போய்விட்டது. அங்கே திகன எரிந்தது. வெறுப்புப் பதிவுகளை முறையிட்டவர்களுக்கு, எங்கள் விதியை மீறவில்லை என்ற பதில் வந்தது. பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில். இரண்டு வருடம் பிந்திய மன்னிப்பு. எரிந்த கடைக்கு அதை வைத்துக் கூரை போட முடியாது. அந்த வதந்தியைத் தள்ளிவிட்டவர்கள் ப்ரீ பயர் விளையாடிய பிள்ளைகளா? வாக்குரிமை உள்ள, உத்தியோகம் பார்க்கும், பேரப்பிள்ளை கண்ட பெரிய மனிதர்களும் அதில் இருந்தார்கள்.

அரசாங்கத்துக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். பொத்தானை அணைப்பது. 2018 மார்ச்சில் சமூக ஊடகங்களை அணைத்தார்கள். 2022 ஏப்ரல் 3இல், பதின்மூன்று மணிநேர மின்வெட்டில் வெந்த மக்கள் வீதிக்கு இறங்கியபோது மறுபடி அணைத்தார்கள். அப்போது இளைஞர், விளையாட்டுத்துறை அமைச்சராக இருந்தவர் நாமல் ராஜபக்ஷ. தடை பிரயோசனமற்றது, தானும் விபிஎன் போட்டுத்தான் எழுதுகிறேன் என்று அவரே ட்விட்டரில் பதிவிட்டார். தன் அரசாங்கம் போட்ட பூட்டைத் தானே கள்ளச்சாவி போட்டுத் திறந்த அமைச்சர். இதைவிடப் பெரிய நகைச்சுவையை நான் எழுத முடியாது.

அதோடு நின்றார்களா? 2024 ஜனவரி 24இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை 108க்கு 62 வாக்குகளால் நிறைவேற்றினார்கள். கொமெண்ட்டுக்குப் பயந்து ஒரு சட்டம், ஓர் ஆணைக்குழு, சிறைத்தண்டனை. ஐயாமாரே, வீண் செலவு. எங்கள் பிள்ளைகளை நீங்கள் அறியவில்லை. அவர்கள் கையில் ஒரு டெராபுளொப்ஸ் கணக்கைக் கொடுத்துவிட்டால் போதும். ஐந்து வருடத்துக்கு உங்கள் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

கோபம் வருவது அங்கேதான். இவர்கள் மக்குகள் என்றால் விட்டுவிடலாம். இரண்டு இயந்திரங்களின் நினைவக வேகத்தைத் தலைகீழாகச் சொல்கிறார்கள். எதிராளி மூன்று வருடத்துக்கு முன் போட்ட பதிவின் படத்தைத் தேடி எடுத்து முகத்தில் வீசுகிறார்கள். ஆதாரம் கேட்கத் தெரிகிறது. பொய்யைப் பிடிக்கத் தெரிகிறது. இத்தனை கெட்டித்தனமும் இலங்கையைப் பட்டியலில் போடாத ஒரு கொம்பனிக்கு இலவசச் சேவகம் செய்கிறது.

2024 நவம்பர் 26ஐ நினைத்துப் பாருங்கள். காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம். உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிய அரபுக் கல்லூரிப் பிள்ளைகளைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. மாணவர்கள் ஆறு பேர் உட்பட எட்டு உயிர். அந்த வீதியை வெள்ளம் மூடுவது யாருக்கும் புதினமல்ல, மாரி வந்தால் வரும் விருந்தாளி அது. சாரதி பிழை, மௌலவி பிழை, அதிகாரி பிழை என்று கொமெண்ட்கள் சில நாள் அடித்துக்கொண்டன. பிறகு அடுத்த விளையாட்டின் முன்னோட்டம் வந்துவிட்டது.

தம்பிமாரே, அந்த வீதியின் உயரம் எவ்வளவு? மதகுகள் எத்தனை? எத்தனை கனஅடித் தண்ணீர் கடக்கக் கட்டினார்கள்? திருத்த ஒதுக்கிய காசு எவ்வளவு, செலவானது எவ்வளவு? இதுவும் இலக்கந்தான். உங்களுக்குப் பிடித்த சாமான். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. தமிழிலேயே எழுதலாம். பதினான்கு வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு ஒன்று அனுப்புங்கள், பிரதேச சபைக்கு ஒன்று அனுப்புங்கள். முகவரிக்கு அமெரிக்காவில் தெரு தேட வேண்டாம். காரைதீவு என்றே போடலாம்.