சக்கரவர்த்திக்கு மண்டபம், நமக்குக் குடம்

பாரதி பூங்கா நடுவில் வெள்ளை வெளேரென்று நிற்கிறதே ஆயி மண்டபம், அதைக் கட்டச் சொன்னவர் பிரெஞ்சுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன். பாண்டிச்சேரிப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காத மனுஷர்! முத்தரையர்பாளையத்துத் தண்ணீர் வெள்ளைக்காரர் தெருக்களுக்கு வந்து சேர்ந்த சந்தோஷத்துக்கு அந்த மண்டபம்.

பெயர் என்னவோ ஆயியுடையது. கிருஷ்ணதேவராயர் ஒருநாள் அந்தி நேரத்தில் தாசி ஆயியின் மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டாராம். பாவம், கூகுள் மேப் இல்லாத காலம். யார் வீடு என்று தெரிந்ததும் மானம் போய்விட்டது. இடி என்று உத்தரவு. ஆயியே இடித்துவிட்டு அங்கே குளம் வெட்டினாள் என்கிறது கதை; முத்தரையர்பாளையத்துத் தண்ணீர் அந்தக் குளத்துத் தண்ணீர்தானாம். தப்பாகக் கும்பிட்டவர் ராஜா, வீட்டைப் பறிகொடுத்தவள் ஆயி.

சரி, நெல்லித்தோப்பு மில் கூலி வீட்டுக்குத் தண்ணீர் எப்படி வந்தது? கிணறு, குடம், பெண்டாட்டி இடுப்பு. இதற்கு எந்தச் சக்கரவர்த்தியும் மண்டபம் கட்டவில்லை.

அந்தக் கூலிக்கு வேலை கொடுத்த சவானா ஆலை 1820களின் கடைசியில் வந்தது; பின்னாளில் சுதேசி மில் ஆனது அதுதான். பாண்டிச்சேரி நீலத்துணிக்கு ஆப்பிரிக்காவில் ஏக மவுசு. செனகல் ஆற்றங்கரையில் வேலம்பிசின் வாங்க அதையே காசாகக் கொடுத்தார்கள். யோசித்துப் பாருங்கள், நம்ம ஆள் தறியில் நின்று நெய்ததே கரன்சி! ரிசர்வ் பேங்க் மாதிரி வேலை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் பழைய சோறு, வெங்காயம், அதிர்ஷ்டமிருந்தால் சுட்ட கருவாடு.

ஆனால் அவரைச் சாதாரணமாக எடைபோடாதீர்கள். சார் கையில் ஓட்டு இருந்தது! 1848இல் பாரிசில் ராஜாவைத் துரத்திய உற்சாகத்தில் பாண்டிச்சேரிக்கும் நாடாளுமன்றத்தில் ஒரு இடம் கொடுத்தார்கள். அப்புறம் அதைப் பிடுங்கிக்கொண்டவர் யார் தெரியுமா? நம்ம மண்டபம் நெப்போலியன்தான். அவர் ஆட்சி கவிழ்ந்து 1871இல்தான் திரும்பக் கிடைத்தது. பக்கத்தில் கடலூரில், பிரிட்டிஷ் ராஜ்ஜியத்துக் கூலிக்கு இதெல்லாம் கனவிலும் கிடையாது.

கிடைத்த ஓட்டை என்ன செய்தார்கள் என்று கேட்காதீர்கள். உள்ளூர் அரசியல் பெரும்புள்ளி சண்முக வேலாயுத முதலியார் கைகாட்டிய பக்கம் பெட்டி நிறைந்தது. வாக்காளர் பட்டியலில் செத்தவர்கள்கூட சுறுசுறுப்பாக இருந்த காலம் அது.

தேர்தல் நாளன்று நம்ம ஆள் மீசையை முறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார் என்று வையுங்கள். “பாரிசுக்கு ஆள் அனுப்பிட்டேன்டி!”

“அரிசிக்கு யாரை அனுப்பப் போறீங்க?”

குடும்ப பட்ஜெட்டை நிறைவேற்றிய அந்த நிதியமைச்சருக்கு மட்டும் ஓட்டு இல்லை. பாரிஸ் சீமாட்டிகளுக்கும் அப்போது கிடையாது. பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமை தரும் உத்தரவு 1944இல்தான் கையெழுத்தானது.