இடது காலில் விழும் அடி

ஜனவரி பிறந்துவிட்டால் பாளையங்கோட்டையில் விடியற்காலையே டிரம் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். வ.உ.சி. மைதானத்துக் குடியரசு தின அணிவகுப்புக்காகப் பள்ளிக்கூட பேண்டுகள் பழகும் சத்தம் அது. 1987-இல் எட்டாம் வகுப்பில் இருந்தேன். சைடு டிரம்முக்கு நாலு பேர்தான் வேண்டும். பெயர் கொடுத்தவர்கள் முப்பது பேர்.

ஒரு மாதமாக பெஞ்சு, கட்டில் சட்டம், அம்மாவின் தாம்பாளம் எதையும் நான் தட்டாமல் விடவில்லை. டிரம் ரோல் எனக்கு மற்றவர்களைவிட வேகமாக வரும். தேர்வன்று பேண்ட் மாஸ்டர் பெரிய டிரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு, "நின்ன இடத்துலயே காலைத் தூக்கி வைங்க. நான் அடிக்கிற அடி எல்லாருக்கும் இடது கால்ல விழணும்" என்றார். குச்சி கைக்கு வந்ததுமே நான் ரோல் போட ஆரம்பித்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் எல்லாருக்கும் இடது கால், எனக்கு மட்டும் வலது.

"ஏலே, கை நல்லாத்தான் இருக்கு. காது எங்கலே போச்சு?"

பட்டியலில் என் பெயர் இல்லை. அவர் திட்டியதாகவே நினைத்து அழுதேன். அவர் சொன்னது திருத்தம் என்பது நெல்லையப்பர் கோயில் ரத வீதியில்தான் எனக்குப் புரிந்தது. சுவாமி புறப்பாட்டில் நாயனக்காரர்கள் நடந்துகொண்டே வாசித்தார்கள். கூட்டம் இடிக்கிறது, தீவட்டிப் புகை கண்ணில் ஏறுகிறது. இரண்டாம் நாயனக்காரரின் காதும் கண்ணும் மட்டும் முதல் நாயனத்தைவிட்டு நகரவே இல்லை. நம் ஆற்றங்கரைக் காருகுறிச்சியில் பிறந்த நாகஸ்வரக் கலைஞர் அருணாசலமும் (1921–1964) டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் சீடராக, அவர் பக்கத்தில் நின்று வாசித்து வளர்ந்தவர்தான். 'கொஞ்சும் சலங்கை' படத்தில் ஊர் உலகமே கேட்ட நாகஸ்வரம், முதலில் இன்னொருவர் வாசிப்பைக் கேட்டுப் பழகியது. மறுவருடம் நான் மாஸ்டரின் அடியைக் கேட்டுக்கொண்டு நின்றேன். எடுத்துக்கொண்டார்.

இப்போது என் மகள் டிரம்பெட் வாசிக்கிறாள். எனக்கு வ.உ.சி. மைதானம்தான் எல்லை, அவளுக்கு டெல்லி வரை வழி இருக்கிறது. பாதுகாப்பு அமைச்சகமும் கல்வி அமைச்சகமும் சேர்ந்து தேசியப் பள்ளி பேண்ட் போட்டி நடத்துகின்றன. பித்தளை பேண்ட், பைப் பேண்ட் இரண்டிலும் மாணவிகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. போனில் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 120-இல் வைத்து மொட்டை மாடியில் நடக்கிறாள். அமெரிக்க டிரம் கோர் குழுக்களின் காணொளிகளைப் பார்க்கிறாள். நூற்றைம்பது பேருக்கு மேல் ஒரே உடம்பாக நகர்கிறார்கள். இதில் ஒன்றுகூட எனக்குக் கிடைத்ததில்லை. பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது.

பள்ளி பேண்ட் தேர்வுக்கு முந்தின ராத்திரி, "நடுவுல தப்பு வந்துட்டா என்னப்பா செய்ய?" என்று கேட்டாள்.

"வரத்தாம்மா செய்யும். வந்தா முகத்தைச் சுளிக்காத, நிக்காத. அடுத்த இடது கால்ல சேர்ந்துக்க. சார் ஏதாவது சொன்னா காரணம் சொல்லாத. அடுத்த தடவ அவர் சொன்ன மாதிரியே செஞ்சு காட்டு."

முப்பது பேரில் கைத்திறன் பலருக்கு இருக்கும். சொன்னதை மறுமுறை வாசிப்பில் காட்டுகிற பிள்ளையைத்தான் எந்த மாஸ்டரும் தேடுகிறார். வெயிலில் மூன்று மாதம் கூடவே நிறுத்திப் பழக்கப்போகிறவர் அவர் அல்லவா?

பிள்ளையை பேண்ட் தேர்வுக்கு அனுப்புகிறவர்களே, முந்தின நாள் புது மெட்டு எதையும் பழக்காதீர்கள். நேரத்தோடு தூங்கவிடுங்கள். காலையில் ஷூ லேசை இறுக்கிக் கட்டச் சொல்லி அனுப்புங்கள்.