அகதிக்கு ஒரு ஃபிளெக்ஸ்

தம்பி, மீனாட்சிபுரம் எல்லையில் கடை போட்டு, காதுகுத்துக்கும் கட்சி மாநாட்டுக்கும் தமிழிலும் மலையாளத்திலும் ஃபிளெக்ஸ் அடித்துக் கைதேர்ந்தவன் நீ. அகதிகள் படும் பாட்டைச் சொல்லி ஒன்று அடிக்க வேண்டுமா? நடுவில் தலைவர். அவருக்கு மேலே அவருடைய தலைவர். ஓரத்தில் ஸ்டாம்பு அளவில் ஒன்றியம், வட்டம், கிளை. ‘தொப்புள்கொடி உறவே’ என்று கொட்டை எழுத்தில் போட்டுவிடு. அகதியின் படமா? இடம் எங்கே இருக்கிறது? அவனுக்கு ஓட்டும் கிடையாது.

இந்த விஷயத்தில் ஆஸ்திரேலியாக்காரனை மெச்ச வேண்டும். 2014-இல் படகில் வரும் அகதிகளை விரட்ட ஒரு போஸ்டர்: கொந்தளிக்கும் கடல், அதில் துக்கடாப் படகு, இங்கே உனக்கு வீடு கிடையாது என்ற வாசகம். 17 மொழிகளில் போட்டான், தமிழிலும் போட்டான். பஞ்சாயத்து ஆபீசில் ஒரு விண்ணப்பத்தைத் தமிழில் வாங்க அலையும் பாலக்காட்டுத் தமிழனும் இடுக்கித் தமிழனும் பொறாமைப்படலாம். விரட்டினாலும் தாய்மொழியில் விரட்டுகிறான்.

அதே நாட்டில் பிலோவீலா என்று ஒரு சின்ன ஊர். 2018 மார்ச்சில் விடியற்காலையில் அடைக்கலம் தேடி வந்த ஒரு தமிழ்க் குடும்பத்தை, இரண்டு பெண் குழந்தைகளோடு அதிகாரிகள் அள்ளிக்கொண்டு போனார்கள். குடும்பத்தைத் திருப்பித் தா என்று ஊர்க்காரர்கள் போஸ்டர் பிடித்து நாலு வருடம் கத்தினார்கள். 2022-இல் குடும்பம் ஊர் திரும்பியது. விவரம் போதாதவர்கள்; தலைவர் படம் போடாமலே காரியத்தை முடித்துவிட்டார்கள்.

நம் வேலை இன்னும் நாசூக்கு. 1983 முதல் இலங்கையிலிருந்து வந்தவர்களை முகாமில் வைத்தோம். 2021-இல் ‘மறுவாழ்வு முகாம்’ என்று பலகையை மாற்றினோம். குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய் ஆக்கினோம். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் கண்ணுக்குப் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றும் தெரிந்தன. ராமேஸ்வரத்துக்கு எதிர்க்கரையில் கிடக்கும் தலைமன்னார் தெரியவில்லை. 2025 மே மாதம், ஓர் ஈழத் தமிழரின் வழக்கில், இந்தியா தர்மசத்திரம் அல்ல என்றது உச்ச நீதிமன்றம். எடுத்து வைத்துக்கொள் தம்பி, வாசகம் தேடி அலைய வேண்டாம். சத்திரத்திலாவது பேரை எழுதிக்கொண்டு பாய் தருவார்கள். நாம் நாற்பது வருடமாகப் பேரை மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

2019 ஜனவரியில் நம் கேரளத்து முனம்பத்திலிருந்து நூறு பேருக்கு மேல் ஒரு மீன்பிடிப் படகில் ஏறினார்கள். டெல்லியில் காலம் தள்ளிய ஈழத் தமிழர்கள் அதில் நிறையப் பேர். நியூசிலாந்து போவதாகப் பேச்சு. வருடக்கணக்காகக் காத்திருந்த குடும்பங்களுக்கு ஒரு போன் வரவில்லை. ‘காணவில்லை’ என்று ஃபிளெக்ஸ் வைக்க உன்னிடம் எந்தக் கட்சி ஆர்டர் கொடுத்தது? செத்தவனுக்குக் கண்ணீர் அஞ்சலி அடிக்கலாம். செத்தானா என்றே தெரியாதவனுக்கு எந்தச் சைஸ் என்று குழம்பியிருப்பார்கள், பாவம்.

அச்சகத்தின் பேரை மறக்காமல் போடு. தேர்தல் போஸ்டரில் அது இல்லாவிட்டால் ஆறு மாதம் வரை உள்ளே தள்ளலாம். சட்டம் அவ்வளவு கறார். மண்டபம் முகாமில் பிறந்து, இங்கேயே படித்து, பெயின்ட் அடித்துப் பிழைக்கிற பையனை அரசாங்கம் பல வருடம் என்ன பேர் சொல்லி அழைத்தது தெரியுமா? சட்டவிரோதக் குடியேறி. பிரசவம் பார்த்தது அரசாங்க ஆஸ்பத்திரி.