உள்ரோட்டண்ணன்

கோயமுத்தூரில் எந்தப் பேக்கரிக்குப் போனாலும் அங்கே ஒரு உள்ரோட்டண்ணன் நிற்பார். எங்கள் கணபதி பேக்கரியில் நிற்பவருக்கு வயது ஐம்பத்துநாலு. நாலு லேத்து ஓடும் பட்டறைக்கு முதலாளி. வாரத்தில் ஆறு நாள் பம்புசெட் ஷாஃப்ட் கடைவார். ஏழாம் நாள் யாருக்கும் தெரியாத இடம் தேடிக் கிளம்பிவிடுவார். சனிக்கிழமை பொழுதோடு தேங்காய் பன்னை டீயில் நனைத்தபடி, "நாளைக்கு எங்கீங் தம்பி?" என்று கேட்பார். சும்மா கேட்கிறார் என்று நினைத்து, "பசங்க ஊட்டி ஊட்டின்னு அனத்துதுங்ண்ணா" என்று ஒருமுறை சொல்லித் தொலைத்தேன். பன் பாதி வழியில் நின்றது. நனைந்த பாதி டம்ளருக்குள் விழுந்தது. ஜாதகம் பார்க்காமல் பெண் கொடுத்தவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"ஊட்டீல என்னங் இருக்குது? மேட்டுப்பாளையத்துலயே வண்டி நவுர மாட்டீங்குது. வர்க்கியும் தைலமும் நம்ம கடைவீதியிலயே கெடைக்குது. நான் ஒரு எடம் சொல்றேன். யார்கிட்டயும் சொல்லிப்போடாதீங்."

இதை அவர் ரகசியமாகச் சொன்னபோது பேக்கரியில் பதினோரு பேர் இருந்தார்கள். பட்டறையில் லேத்துச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். காளான் வண்டிக்காரர்கூட வாணலியைத் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

காளான் வண்டி என்றதும் நினைவுக்கு வருகிறது. ஓர் இடம் உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா என்பதற்கு அண்ணன் வைத்திருக்கும் அளவுகோலே அதுதான். வாசலில் காளான் வண்டியோ காலிபிளவர் சில்லி கடையோ வந்துவிட்டால் அந்த இடத்துக்கு அன்றோடு கருமாதி. கொடிவேரி அப்படித்தான் போனது. சிவன்மலையில் பக்தர் கனவில் ஆண்டவன் கேட்ட பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூசை செய்கிறார்களே, அந்த உத்தரவுப் பெட்டியைக்கூட அவர் கைவிட்டுவிட்டார். "பொட்டியில என்ன மாத்துனாலும் சாயங்காலமே நியூஸ்ல வந்துருதுங்."

திருப்பூர் நஞ்சராயன் குளத்தை எனக்குக் காட்டியது அவர்தான். அப்போதெல்லாம் அவர் பாஷையில் அது 'நம்ம குளம்'. இமயமலைக்கு மேலாகப் பறந்து வருகிற வரித்தலை வாத்து, உலகத்தில் எத்தனையோ ஊர் இருக்கப் பனியன் கம்பெனி ஊரைத் தேடி வந்து இறங்குகிறது என்பதில் அவருக்கு ஒரு சொந்தப் பெருமை. 2022-ல் அரசு அதைப் பறவைகள் சரணாலயம் என்று அறிவித்தபோது முகம் லேசாக வாடியது. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலில் சேர்ந்த அன்று டீயே குடிக்கவில்லை. "ராம்சருங்கறது எங்கீங் இருக்குது?" என்றார். ஈரானில் ஓர் ஊர், 1971-ல் ஈரநிலங்களைக் காக்கும் ஒப்பந்தம் அங்கே கையெழுத்தானது, அதனால் அந்தப் பெயர் என்றேன். "பாத்தீங்ளா, ஈரான்காரனுக்கே தெரிஞ்சுபோச்சு. இனி அங்க போயி என்னத்தப் பண்றது?"

ஈரோட்டுப் பக்கத்து வெள்ளோடு 2022-லேயே அந்தப் பட்டியலில் சேர்ந்து அவர் கணக்கிலிருந்து கழிந்துவிட்டது. அங்கே சுற்றுவட்டார ஊர்க்காரர்கள், குளத்துப் பறவைகள் மிரளுமென்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அண்ணனுக்கு அதில் மகிழ்ச்சிதான். வருசா வருசம் தீபாவளியன்று அந்தச் சேதி டிவியில் வருவதுதான் பொறுக்காது. "வெடிக்காம இருக்கறாங், செரி. அதைய டிவீல போட்டு வெடிக்கோணுமா?"

அவரோடு போவதற்குத் தனி உடம்பு வேண்டும். காலை ஐந்தரைக்கு வீட்டு வாசலில் ஆரன் அடிப்பார். முன்சீட்டில் நான். பின்சீட்டில் அண்ணி, மடியில் கட்டுச்சோத்துத் தூக்குப்போசி. அண்ணி அதிகம் பேசமாட்டார். இருபத்தெட்டு வருசமாகப் பின்சீட்டில் உட்கார்ந்து வருகிறவருக்குப் பேச என்ன இருக்கிறது? போனில் வழி சொல்லும் பெண்குரலை அண்ணன் மதிப்பதே இல்லை. அது நேராகப் போகச் சொன்னால் இவர் சோத்தாங்கைப் பக்கம் ஒடிப்பார். "அந்தப் புள்ளைக்கு மெயின்ரோடு மட்டுந்தான் தெரியும். பாவம், வெளியூரு."

மெயின்ரோட்டின்மேல் இருக்கும் எதையும் அவர் சேர்ப்பதில்லை. ஆர்.எஸ்.புரத்தில் 1902-ல் திறந்த காஸ் வன அருங்காட்சியகத்துக்கு, பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருந்தும், இன்னும் போகவில்லை. "அது கௌலி பிரவுன் ரோட்டு மேலயே இருக்குதுங்ளே" என்பது அவர் சொல்லும் காரணம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவர் காட்டும் இடங்கள் சோடை போகாது. சேலம் போகிற நாமெல்லாம் விஜயமங்கலத்தைச் சுங்கச்சாவடியாக மட்டுமே அறிவோம். அதே ஊருக்குள் நெட்டைக்கோபுரம் என்று சனங்கள் சொல்லும் சமணக் கோயில் நிற்கிறது. பெருங்கதை பாடிய கொங்குவேளிர் அந்த ஊர்க்காரர். சிரவணபெளகொளாவில் அத்தனை பெரிய கோமடேசுவரரை எழுப்பிய சாமுண்டராயரின் தங்கை இங்கே வந்து உண்ணாநோன்பு இருந்து உயிர் விட்டதாகக் கல்வெட்டு சொல்கிறது. இதையெல்லாம் அண்ணன் ஒரு தூணில் சாய்ந்துகொண்டு முக்கால் மணி நேரம் சொன்னார். மணி இரண்டரை. அண்ணி தூக்குப்போசியை ஒருமுறை பார்த்துவிட்டு, "நாமளும் அந்த வழிக்குத்தான் போறமாட்ட இருக்குது" என்றார். அன்றைக்கு அவர் பேசிய முதல் வாக்கியம் அது.

திருமுருகன்பூண்டி வழியாகப் போனால் சுந்தரர் கதை கட்டாயம் உண்டு. சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பிய பொன்னையெல்லாம் சிவனுடைய பூதகணங்கள் வேடர் வேசத்தில் வந்து பறித்துக்கொண்ட இடம் அது. "கொங்கு நாட்டுல டூர் வந்து வழிப்பறி குடுத்த மொத ஆளு அவருதானுங்" என்பார். பாட்டுப் பாடியதும் பறித்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். இப்போது ஊரெல்லாம் சிற்பப் பட்டறை. கல் கொத்தும் சத்தத்தில் அவர் குரலே அடங்கிவிடும்.

கோயில்களில் அவருக்குள்ள ஒரே எதிரி பூட்டு. யாருக்கும் தெரியாத கோயில் என்றால் யாரும் வராத கோயில். யாரும் வராவிட்டால் பூட்டுத்தானே தொங்கும்? அமராவதிக் கரையில் ஒரு பழைய சிவன் கோயில். சுற்றிலும் தென்னந்தோப்பு, கதவில் முழங்கை நீளப் பூட்டு. சாவி யாரிடம் என்று கேட்டோம். இளநீர் வெட்டுகிறவர் பூசாரி வீட்டைக் காட்டினார். பூசாரி ஒறம்பறை வீட்டுச் சீருக்குத் தாராபுரம் போய்விட்டார். சாவி அவர் மச்சானிடம். மச்சான் ரேசன் கடை வரிசையில் நின்றார். அவர், சாவி அம்மாவிடம் இருப்பதாகச் சொல்லிவிட்டு வரிசையிலிருந்து நகராமல் கையை மட்டும் நீட்டித் திசை காட்டினார். அம்மா வெள்ளாட்டை ஓட்டிக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கியிருந்தார். நாங்களும் இறங்கினோம். எண்பது வயதிருக்கும். சேலை முந்தானை முடிச்சை அவிழ்த்தார். வெற்றிலை, கொட்டைப்பாக்கு, ரெண்டு பத்து ரூபாய்த்தாள், அதற்கடியில் துருப்பிடித்த சாவி. கையில் கொடுப்பதற்கு முன்னால், "எந்த ஊருங் சாமி?" என்றார்.

அண்ணனின் வாழ்க்கையில் பெரிய சோதனை இந்தக் கேள்விதான். அவர் ஊரைச் சொன்னார். "அங்க யாரு ஊடு?" அதையும் சொன்னார். அம்மா கண்ணைச் சுருக்கினார். "அப்ப வேலாத்தாளோட பேரனா நீ? வேலாத்தா எனக்குச் சித்தி மக!" கோயிலைக் கால்மணி நேரத்தில் பார்த்துவிட்டு, அந்த வீட்டுத் தாவாரத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கச்சாயம் தின்றோம். நாலு சாவு, ரெண்டு பாகப்பிரிவினை விசாரித்தோம். திரும்பும்போது அண்ணன் முகத்தில் களையே இல்லை. யாருக்கும் தெரியாத ஊரில் தன் பாட்டி பெயரைச் சொல்லி ஒருவர் கட்டிப்பிடித்தால் கண்டுபிடித்தவன் கதி என்னாவது? கொங்கு நாட்டில் இது தப்பிக்க முடியாத இடைஞ்சல். எத்தனை உள்ரோடு போனாலும் கடைசியில் ஓர் அத்தை வீடு வந்துவிடும்.

கொடுமணலில் வேறு மாதிரி. பதிற்றுப்பத்தில் பேர் வருகிற ஊர். நொய்யல் கரையில் இரும்பு உருக்கி, சூதுபவளத்தில் மணி கோத்து, பானை ஓட்டில் பேரைக் கீறி வைத்திருந்த சனம். அகழாய்வுக் குழிகளை மூடிவிட்டதால் கண்ணுக்குத் தெரிவது காடும் வெயிலும்தான். அண்ணன் ஒரு வரப்பின்மேல் ஏறி நின்று, "தம்பி, நாம நிக்கறது ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தின தொழிற்பேட்டை" என்றார். லேத்துக்காரர் சொல்லும்போது அதில் ஓர் உரிமை இருந்தது. எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பையன், "ஏனுங், எடம் பாக்க வந்தீங்ளா? அங்க ஏக்கர் என்ன வெலைன்னு எங்கப்பனத்தான் கேக்கோணும்" என்றான்.

காட்டு விலங்கு விசயத்தில் அண்ணனுக்கு ராசி இல்லை. சத்தியமங்கலம் காடு 2013-லேயே புலிகள் காப்பகம் ஆகிவிட்டது. 1,400 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு. திம்பத்தின் 27 கொண்டையூசி வளைவும் ஏறி, ஆசனூர் தாண்டி, பொழுதெல்லாம் காத்துக் கிடந்ததில் நாங்கள் கண்டது ஒரு கருமந்தியும் கர்நாடகா லாரிகளும். அதே ராத்திரி தடாகத்தில் அண்ணியின் தம்பி தோட்டத்தில் மூன்று யானை புகுந்து வாழையைத் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. "அங்க போயிருந்தா கட்டல்ல உக்காந்தே பாத்திருக்கலாம்" என்றார் அண்ணி. மயில் பேச்சை எடுக்கவே வேண்டாம். அதைப் பார்க்க வெளியூர்க்காரன் காசு கொடுப்பான். இங்கே தக்காளிக் காட்டுக்காரன் கவட்டைக்குச்சியோடு நிற்கிறான்.

அவர் மனசார மதிக்கிற ஒரே சக பயணி சின்னத்தம்பிதான். 2019 ஜனவரியில் தடாகம் பக்கம் பிடித்து டாப்சிலிப்புக்குக் கொண்டுபோய் விட்ட அந்த யானை, நடந்தே கீழிறங்கி உடுமலைக் கரும்புக்காட்டுக்கு வந்து சேர்ந்தது. பிப்ரவரியில் மறுபடி பிடித்து வரகளியாறு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அந்த மூன்று வாரமும் அண்ணன் பட்டறையில் டிவியை அணைக்கவில்லை. "பாருங், ஒரு எடத்துல மெயின்ரோட்டுக்கு வர்றானா? முழுக்க உள்ரோடு!"

ரகசியத்துக்கு வருவோம். ஒவ்வொரு இடத்திலும் எங்களிடம் சத்தியம் வாங்குவார். ஊர் திரும்புவதற்குள் பத்துப் போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு, இடத்தின் பேரை மட்டும் போடமாட்டார். யாராவது "இது எங்கீங்ண்ணா?" என்று கேட்டால், "அது இருக்குதுங் ஒரு பக்கம்" என்று பதில். யாரும் கேட்காவிட்டால் திங்கள்கிழமை பட்டறைப் பையன்கள் பாடு திண்டாட்டம். சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலுக்கு அப்படித்தான் ஒரு மாட்டுப்பொங்கலுக்குப் போனோம். சனங்கள் கறந்த பாலையும் மண்ணால் செய்த மாட்டு உருவாரங்களையும் கொண்டுவந்து குவிக்கிறார்கள். குழந்தைகள் கையிலெல்லாம் கன்றுக்குட்டி பொம்மை. யாருக்கும் தெரியாத திருவிழா என்று கூட்டிப்போனார். உடுமலை வட்டாரமே அங்கேதான் இருந்தது. வண்டி நிறுத்த இடமில்லை. இது கணக்கில் வராது என்றார். வந்தவர்கள் எல்லாம் உள்ளூராம். கோயமுத்தூரிலிருந்து எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று எண்ணச் சொன்னார்.

போன மாசம் காங்கயத்துக்கு அந்தப் பக்கம் போனோம். கொரங்காட்டுச் சீமை. கிளுவை வேலிக்கு நடுவே வெள்வேல மரம், மரத்தடியில் திமில் புடைத்த பூச்சிக்காளை. மண்பாதையும் முடிந்து இட்டேரி ஆனது. காரின் இரண்டு பக்கமும் முள் கீறிற்று. அண்ணனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இங்க கார் டயரே பட்டிருக்காதுங் தம்பி." இட்டேரி முடிவில் வேப்பமரமும் ஓட்டுக் கொட்டகையும். உள்ளே கருப்பராயன், ஏழு கன்னிமார், சாயம் போன மண் குதிரைகள். "நம்ம சர்வீஸ்ல இது மாதிரி பாத்ததில்லீங்" என்று போனை எடுத்தார்.

அண்ணி எதுவும் சொல்லாமல் இறங்கினார். கொட்டகைக்குப் பின்னால் தொட்டி இருக்கிற இடம் யாரும் காட்டாமலே அவருக்குத் தெரிந்திருந்தது. காலைக் கழுவிக்கொண்டு வந்து, பையிலிருந்து தேங்காய், பழம், சூடம் எடுத்து வைத்தார். திண்ணையில் படுத்திருந்த பூசாரி எழுந்தார்.

"வாம்மிணி. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

பிறகு அண்ணனைப் பார்த்துச் சிரித்தார். "மாப்பிள்ளைக்கு என்னை அடையாளம் தெரியலையாட்ட இருக்குது. உங்க கல்யாணப் பத்திரிகைய மொதல்ல வெச்சது இந்தச் சாமி காலடியிலதானுங்ளே. தாலி கட்டுன மறுவாரம் நீங்களே வந்து பொங்கல் வெச்சீங்க. பொகை கண்ணுல பட்டு வெளிய ஓடுனீங்க."

அண்ணி சூடத்தைப் பற்றவைத்தபடி என்னிடம் சொன்னார்: "எங்கப்பன் ஊட்டுச் சாமி தம்பி. பத்து வருசமா ஒருக்கா கூட்டீட்டுப் போங்கன்னு கேட்டுட்டிருக்கறேன். ரோடு சரியில்லைன்னாரு."

நான் அண்ணனைப் பார்த்தேன். போனை இறக்கிவிட்டு, கன்னிமாரைப் பார்த்தார், மண் குதிரையைப் பார்த்தார், வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தார். மெதுவாக அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"அப்ப, இருபத்தெட்டு வருசத்துக்கு முன்னாடியே நான் இதையக் கண்டுபுடிச்சிருக்கறேன் பாருங்!"