நான் யாருக்கும் ஆதரவல்ல

நமது அரசியல் சாசனத்தை வகுத்த பெரியோர்கள் அதன் 41ஆம் ஷரத்தில், வேலையின்மை, முதுமை, பிணி ஆகியவற்றால் அல்லலுறும் பிரஜைகளுக்குச் சர்க்கார் தன் பொருளாதார சக்திக்கு இயன்ற அளவில் உதவி கிடைக்கச் செய்யவேண்டும் என்று மிகுந்த கருணையோடு எழுதி வைத்தார்கள். ஆனால் அதற்கு முன்பே, 37ஆம் ஷரத்தில், இந்தப் பகுதியில் கண்டவற்றை நிறைவேற்றித் தரும்படி ஒருவரும் கோர்ட்டில் வழக்காட முடியாது என்றும் முன்ஜாக்கிரதையாக எழுதிவிட்டார்கள். தீபாவளி இனாம் எவ்வளவு என்று அறிவிப்பதற்கு முன்னால், "யாரும் வாயைத் திறந்து கேட்கப்படாது" என்று சொல்லிவிடும் எங்கள் பாட்டனார் ஒருவரிடத்தில்தான் இத்தகைய தீர்க்கதரிசனத்தை நான் கண்டதுண்டு.

இந்த ஷரத்துக்களைப் புரட்டிப் பார்க்கவேண்டிய நிர்ப்பந்தம் எங்கள் தெருக்கோடி அத்தையால் ஏற்பட்டது. தெருவில் பிறந்த குழந்தை முதல் பல் போன கிழவர் வரை எல்லோருக்கும் அவர் அத்தைதான். யாருக்கும் இரத்த பந்தம் இல்லை. கணவர் காலமாகி வெகுகாலம் ஆயிற்று, குழந்தைகள் இல்லை, இருப்பது ஓர் ஓட்டு வீடும், அதன் வாசலில் ஒரு முருங்கை மரமும், மாதந்தோறும் வரும் முதியோர் உதவித்தொகையும். 1962இல், காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில், மாதம் 20 ரூபாயாக ஆரம்பித்த இந்த உதவி, 2011இல் 1,000 ரூபாயாகி, 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாயிற்று. முன்னாளில் இது மணியார்டராக வரும். தபால்காரர் தம் தேநீர்ச் செலவுக்கு ஏதோ எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார் என்பது ஊரறிந்த ரகசியம். ஆயினும், அத்தை உயிரோடு இருக்கிறாரா, சாப்பிட்டாரா, கண் தெரிகிறதா என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. இப்போது தொகை நேரே பாங்குக்குப் போகிறது; பாங்கின் சார்பில் ஒரு பெண் கைக்கடக்கமான மெஷின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு பிள்ளையார் கோயில் திண்ணைக்கு வந்து, கிழவிகளின் விரல் ரேகையை வாங்கிக்கொண்டு பணம் கொடுக்கிறாள்.

அப்படி ஒரு நாள், பாத்திரம் தேய்த்தே ரேகை தேய்ந்துபோன அத்தையின் விரலை எண்ணெய் துடைத்து, ஈரம் துடைத்து, ஊதி, அழுத்தி, ஒருவழியாக மெஷின் அங்கீகரித்த பிற்பாடு, அந்தப் பெண் சொன்னாள்: "பாட்டி, பணம் ஏறலை." கடிதம் இல்லை, நோட்டீஸ் இல்லை, காரணம் இல்லை. உதவித்தொகை வேண்டும் என்று கேட்கும்போது ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக், போட்டோ என்று இத்தனை காகிதம் கேட்கும் சர்க்கார், அதை நிறுத்தும்போது மட்டும் ஒரு காகிதத்தையும் வீணாக்குவதில்லை.

தாலுகா ஆபீஸில் இதற்கென்றே ஒரு தனித் தாசில்தார் உண்டு. அத்தையை அழைத்துக்கொண்டு அங்கே போனேன். வாசல் வேப்பமரத்தடியில் மனு எழுதுகிறவர் ஒருவர் இருப்பார். 'ஆதரவற்ற ஏழை விதவையாகிய நான்' என்று ஆரம்பித்து, 'தங்கள் உண்மையுள்ள' என்று முடிகிற வரையில் நடுவில் எங்கும் முற்றுப்புள்ளி வைக்காத அபூர்வ நடை அவருடையது. அந்த மனுவை எடுத்துக்கொண்டு உள்ளே போனோம். குமாஸ்தா மனுவைப் பார்க்கவில்லை; என்னைப் பார்த்தார்.

"நீங்க யாரு சார்?"

"தெருவாசி."

"உறவா?"

நான் பதில் சொல்வதற்குள் அத்தை நன்றிப்பெருக்கால் முந்திக்கொண்டார்: "எங்க அண்ணன் மகன் மாதிரிங்க. இந்தத் தம்பி இல்லேன்னா எனக்கு நாதியே இல்லை."

குமாஸ்தாவின் பேனா உடனே விழித்துக்கொண்டது. 'அண்ணன் மகன்' என்று அவர் எழுதினார். 'மாதிரி' என்பதற்கு அவருடைய படிவத்தில் இடம் இல்லை. அப்போதுதான் இந்த விவகாரத்தின் மகத்தான சிக்கல் எனக்குப் புலப்பட்டது. தமக்கு ஆதரவாக ஒருவரும் இல்லை என்பதை அத்தை ருசுப்படுத்த வேண்டும். அதை ருசுப்படுத்த, முழங்கால் வலியோடு பஸ் ஏறி, மாடி ஏறி, படிவம் நிரப்பி, வரிசையில் நிற்க, ஒருவர் ஆதரவு வேண்டும். அந்த ஒருவர் கூட வந்த மாத்திரத்தில், ஆதரவு இருப்பதற்கு அவரே பிரத்தியட்ச சாட்சியாகிவிடுகிறார். தனியாக வந்தால் காரியம் நடவாது. துணையோடு வந்தால் காரியமே இல்லை.

இவ்விடத்தில் என் சொந்த விஷயம் ஒன்று. நானும் சர்க்காரிடம் மாதாமாதம் பணம் வாங்குகிறவன்தான். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். அத்தையின் தொகையைப் போலப் பன்மடங்கு என் கணக்கில் தவறாமல் வந்து விழுகிறது. வருஷத்துக்கு ஒரு முறை நான் உயிரோடு இருக்கிறேனா என்று கேட்கிறார்களே தவிர, என் மகன் சம்பாதிக்கிறானா, எனக்குச் சோறு போடுகிறானா என்று எந்த ஆர்.ஐ.யும், அதாவது ரெவினியூ இன்ஸ்பெக்டரும், டீக்கடையில் விசாரித்தது கிடையாது. 1,200 ரூபாய்க்குத்தான் இத்தனை விசாரணை.

தாலுகாவில் தேறாததால், திங்கட்கிழமை கலெக்டர் நடத்தும் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போனோம். கலெக்டர் மனுவை வாங்கி, இரண்டு வார்த்தை அன்பாக விசாரித்து, அதன்மேல் ஏதோ எழுதினார். பாராட்டத்தக்க வேகத்தில் அது புறப்பட்டது. கலெக்டரிடமிருந்து தாசில்தாருக்கு, தாசில்தாரிடமிருந்து ஆர்.ஐ.க்கு, ஆர்.ஐ.யிடமிருந்து வி.ஏ.ஓ. என்னும் கிராம நிர்வாக அலுவலருக்கு என்று படிப்படியாக இறங்கி, எந்த நாற்காலியிலிருந்து அத்தையின் தொகையை நிறுத்தும்படி எழுதிப் போனதோ, அதே நாற்காலிக்கு வந்து சேர்ந்தது. கங்கை எங்கே புறப்பட்டாலும் கடலுக்குப் போகும். மனு எங்கே புறப்பட்டாலும் வி.ஏ.ஓ.வுக்குப் போகும்.

உண்மையான உதவி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. தாலுகா கோர்ட்டு வளாகத்தில் சட்டப் பணிகள் குழுவின் சிறிய அறை ஒன்று இருக்கிறது. 1987ஆம் வருஷத்துச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று கேளாமலே அங்கு இலவசமாகச் சட்ட உதவி செய்யவேண்டும். அங்கிருந்த தன்னார்வலப் பெண், "முதல்ல ஏன் நிறுத்தினாங்கன்னு காகிதத்துல வாங்குங்க ஐயா, அது இல்லாம யார்கிட்டப் போய் என்ன வாதாடுறது?" என்று சொல்லி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அரைப்பக்க விண்ணப்பம் ஒன்று எழுதி, பத்து ரூபாய்க் கோர்ட்டு வில்லையை ஒட்டச் செய்து, அத்தையிடம் கையெழுத்து வாங்கினாள். வேப்பமரத்தடி இலக்கியத்தில் இருந்த கண்ணீர் ஒரு துளிகூட அதில் இல்லை. தொகையை நிறுத்திய உத்தரவின் நகல், அதற்கு ஆதாரமான விசாரணைக் குறிப்பின் நகல்: கேட்டது இவ்வளவே.

சட்டம் விதித்த 30 நாள் முடிகிற தறுவாயில் பதில் வந்தது. கள விசாரணைக்கு வந்த யாரோ ஒரு சிப்பந்தி, அத்தையின் வீடு பூட்டியிருந்தபடியால் டீக்கடையில் விசாரித்திருக்கிறார். கடைக்காரர் தம் தெருவின் பெருமையை எடுத்துரைக்கக் கிடைத்த வாய்ப்பை விடவில்லை. குறிப்பில் கண்டது: 'மேற்படியாரை அதே தெருவிலுள்ள ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் பராமரித்து வருவதாக விசாரணையில் தெரியவருகிறது.'

நான் செய்த பராமரிப்பு யாதெனில், காலையில் ஒரு டம்ளர் காபி. அமாவாசை, கிருத்திகையில் கொஞ்சம் பாயசம். மாதம் 1,200 என்றால் நாளொன்றுக்கு 40 ரூபாய். அரை டம்ளர் பாலில் என் மனைவி போட்டுக் கொடுத்த காபி அத்தையின் 40 ரூபாயைக் குடித்துவிட்டது என்று அறிந்தபோது, பரோபகாரி என்று ஊரில் பெயரெடுப்பது எவ்வளவு ஆபத்தானது என்று விளங்கிற்று.

மறுவிசாரணைக்கு வந்த வி.ஏ.ஓ. புதிதாக மாற்றலாகி வந்த இளம்பெண். ஸ்கூட்டரை முருங்கை நிழலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து, அரிசிப் பானையைத் திறந்து பார்த்தாள்; ஒழுகும் ஓட்டைப் பார்த்தாள்; கடைசியில் அடுப்பு மேடையில் பளபளத்த டிபன் கேரியரைப் பார்த்தாள். மூடியில் என் மனைவியின் பெயர் வெட்டியிருந்தது. எனக்கு மூச்சு நின்றது. அத்தை நிதானமாக, "அது அவங்க வீட்டுது அம்மா. திருப்பிக் கொடுக்கணும். வெறும் பாத்திரம்தான், வேணா தட்டிப் பாருங்க" என்றார். அந்தப் பெண் தட்டியே பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். சிரித்தாலும் சட்டம் சட்டம்தான். நான் எழுத்துமூலமாக ஒரு வாக்குமூலம் கொடுக்கவேண்டும் என்றாள்.

கொடுத்தேன். 'மேற்படி அம்மையாருக்கும் எனக்கும் எவ்வித உறவும் கிடையாது என்றும், அவரை நான் பராமரிக்கவில்லை என்றும், இனிமேல் பராமரிக்கும் உத்தேசமும் இல்லை என்றும் இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.' நாற்பது வருஷம் பிள்ளைகளுக்கு ஆத்திசூடி சொல்லிக்கொடுத்த கையால், அறம் செய்ய விரும்பாமையை அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் அதே டீக்கடைக்காரர். "வாத்தியார் ஒண்ணும் செய்யறதில்லீங்க, எனக்கு நல்லாத் தெரியும்" என்று முன்பு சொன்ன அதே உற்சாகத்தோடு சொன்னார்.

தொகை மறுபடி வர ஆரம்பித்தது. நின்றுபோன மாதங்களுக்கான நிலுவை மட்டும் வரவில்லை, அதற்குத் தனி மனு. பணம் ஏறிய அன்று சாயங்காலம் அத்தை கடைத்தெருவுக்குப் போய்க் கால் கிலோ காபிப் பொடி வாங்கி வந்து என் மனைவியிடம் நீட்டினார். "இனிமே எனக்குக் காபி இதுலதான் போடணும். டம்ளர் உன்னுது, பொடி என்னுது. எவனாவது எழுதினா அதையும் சேர்த்து எழுதட்டும்."

பொடி சிக்கரி கலவாத அசல் சரக்கு. நாங்கள் வாங்குவதைவிட எவ்வளவோ மேல். ஆகையால் எங்கள் காபியையும் என் மனைவி இப்போது அதிலேயே போட்டுவிடுகிறாள். நிலுவை மனு இன்னும் வி.ஏ.ஓ. மேஜையில் இருக்கிறபடியால், இந்தச் சமாசாரம் டீக்கடைக்கு எட்டாதபடி பார்த்துக்கொண்டு வருகிறோம்.