வகுப்பறை அலங்கார சாஸ்திரம்

கோயில் கோபுரத்தில் எந்தப் பொம்மை எந்த நிலையில் நிற்கவேண்டும் என்பதற்கும், வீட்டு வாசற்படி எத்திசை நோக்கவேண்டும் என்பதற்கும் விதி வகுத்துவைத்த நம் முன்னோர், ஆரம்பப் பள்ளியின் முதலாம் ஆண்டு வகுப்பறையில் மணிலா அட்டையால் செய்த வண்ணத்துப்பூச்சி எத்தனை அடி உயரத்தில் ஒட்டப்படவேண்டும் என்பதைப் பற்றி மட்டும் ஒரு சூத்திரமேனும் இயற்றாமல் போய்விட்டார்கள். 1904-இல் எழுந்த விவேகானந்தா ஆசிரமம் நிற்கும் பிரிக்பீல்ட்ஸ் முதலாக, நாட்டின் பெரிய தமிழ்ப்பள்ளிகளுள் ஒன்றான சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளி அமைந்த கிள்ளான் ஈறாக உள்ள பிரதேசத்தை க்ஷேத்திரமாகக் கொண்டு, அக்குறையை இயன்றவரை நீக்குவதே இவ்வாராய்ச்சியின் பிரயோஜனம்.

முதற்கண் செங்கல்லைக் கவனிப்போம். 1881-இல் கோலாலம்பூர் தீயாலும் வெள்ளத்தாலும் அடுத்தடுத்துச் சீரழிந்தபின், அத்தாப்புக் கூரையும் மரச்சுவரும் இனி ஆகா, செங்கல்லும் ஓடுமே ஆகும் என்று பிராங்க் சுவெட்டன்ஹாம் விதித்தார் என்பதும், அதற்கென்று காப்பித்தான் யாப் ஆ லோய் செங்கல் அறுத்துச் சூளை வைத்த இடமே பிரிக்பீல்ட்ஸ் ஆயிற்று என்பதும் பிரசித்தமான சரித்திரம். அந்நகரத்தில் இன்று வகுப்பாசிரியை, நிஜமான செங்கற்சுவரின் மேல் சிமெண்டுப் பூச்சும் பூச்சின் மேல் சாயமும் இருப்பது போதாதென்று, முதுகில் பசை தடவிய நுரைத் தகட்டில் அச்சான வெள்ளைச் செங்கல்லை அதன்மேல் வரிசைவரிசையாக ஒட்டி, கீழே பிளாஸ்டிக் புல்தரையையும் விரித்து, ‘வாசிப்பு மூலை’ என்று நாமகரணம் செய்கிறார். செங்கல் மறைந்து செங்கல்லாகவே மறுபிறவி எடுக்கும் இவ்விந்தையை வேதாந்திகள் எங்ஙனம் விளக்குவார்களோ அறியோம். பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொருளாளர் அதற்கு ரசீது கேட்பார் என்பது மட்டும் நிச்சயம்.

இனி மூல சூத்திரம்: சுவரில் உள்ள எப்பொருளும் அதை ஒட்டியவரின் கை எட்டிய உயரத்திலேயே நிற்கும். ஏழு வயதுக் குழந்தை ஏறக்குறைய நான்கடி உயரம். கையைத் தூக்கி, நுனிக்காலில் நின்றால் ஐந்தடியைத் தொடும். ஆகவே தரையிலிருந்து ஐந்தடியில் ஒரு கோட்டைக் கிழித்தோமானால், அதற்கு மேலே உள்ள கால அட்டவணை, கடமை அட்டவணை, வகுப்புப் பொறுப்பாளர் அட்டவணை, வானவில், அதன் இரு முனையிலும் புன்னகைக்கும் மேகங்கள் ஆகிய யாவும், விளிம்பு பிசகாமலும் பசை கசியாமலும் இருப்பதைக் கொண்டே, சனிக்கிழமை கோத்தோங் ரோயோங்குக்கு வந்த தாய்மார்களின் கைவண்ணம் என்பதும், அவை மாவட்டக் கல்வி அலுவலகத்தாரின் கண்ணுக்கென்றே அமைந்தவை என்பதும் தெளிவாகும். நாற்காலியின் மேல் ஏறினால் குழந்தையும் மேலே ஒட்டலாகாதோ என்பது பூர்வபக்ஷம். நாற்காலியின் மேல் ஏறக்கூடாது என்னும் வகுப்பு விதியே ஆறடி உயரத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது என்பது சித்தாந்தம்.

ஐந்தடிக்குக் கீழ்ப்பட்ட உலகமோ வேறு. ஆகஸ்டு பிறந்ததும் சுதந்திர மாதத்தை முன்னிட்டு மலரும் செம்பருத்திகளை எடுத்துக்கொள்வோம். 1960-இல் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட அம்மலரின் ஐந்து இதழ்களும், 1970-இல் பிரகடனமான ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளைக் குறிப்பன என்பது பாடநூல் மரபு. அங்ஙனமிருக்க, மூன்றடி உயரத்தில் ஆறு இதழ்களோடு ஒரு செம்பருத்தி பூத்திருப்பின், நாடாளுமன்றத்துக்கும் தெரியாத அந்த ஆறாம் கோட்பாடு யாதோ என்று எவருக்கும் ஐயம் எழுமன்றோ? படைத்தவனையே அழைத்து விசாரித்ததில், “தாள் மிச்சம் இருந்துச்சி, டீச்சர்” என்று விடை வந்தது. பக்கத்திலேயே அவன் தோழி ஒட்டிய தேசியக் கொடியில், பதின்மூன்று மாநிலங்களுக்கும் மத்திய அரசாங்கத்துக்குமாக இருக்கவேண்டிய 14 கோடுகளுள் 11 மட்டுமே காணப்பட்டன. சிவப்புத் தாள் தீர்ந்துபோயிற்றாம். அத்தாள் செம்பருத்திக்குப் போயிருக்கக்கூடும் என்பது எம் துணிபு. கூட்டரசின் எல்லைகளை இத்துணைச் சுருக்கமாக மாற்றியமைத்த வரலாறு வேறெங்கும் இல்லை.

மூலப்பொருளைப் பற்றி விரித்தால் நூல் பெருகும். சீனப் பெருநாள் கழிந்ததும் சிவப்பு அங்பாவ் உறைகள் விளக்குக் கூண்டாகவும் மீனாகவும் மடிகின்றன. ஹரிராயா கழிந்ததும் பச்சை உறைகள் கெத்துப்பாட்டாகப் பின்னப்படுகின்றன. தீபாவளி கழிந்ததும் ஊதா உறைகள் அகல்விளக்காகின்றன. உறைக்குள் இருந்தது தாயாரின் கைப்பையில் பத்திரமாகச் சேர்ந்தபின் உறையே குழந்தைக்குரிய பாகம் என்பதால், இக்கலை இந்நாட்டில் செழித்ததில் வியப்பில்லை. ஆயினும் கிள்ளானின் ஈரக்காற்று செல்லோடேப்பை மூன்றாம் வாரமே நெகிழ்த்திவிடும். நூலில் தொங்கும் நட்சத்திரங்களை மின்விசிறி ஒன்றோடொன்று முறுக்கிப் பிரிக்கவொண்ணாத ஒரே கிரகமாக்கிவிடும். எஞ்சுவன ஸ்டேப்ளர் ஊசிகளே. அறிவிப்புப் பலகையை அண்ணாந்து பார்க்காமல் அருகே சென்று தடவிப் பார்த்தால், பெருநாள் பெருநாளாக அடித்துப் பிடுங்கிய ஊசிகளின் துருப்பிடித்த எச்சம் விரலில் நெருடும். பத்தாண்டுப் பண்டிகை வரலாறு அவ்வளவும் அங்கே பதிந்து கிடக்கிறது.

இறுதியாக, எம் சூத்திரத்துக்கு விரோதமாகத் தோன்றும் ஒரு சான்றை மறைப்பது ஆராய்ச்சி தர்மம் ஆகாது. ஒரு வகுப்பறையில், மாமன்னர் தம்பதியரின் திருவுருவப் படத்துக்கும் மேலே, பத்தடி உயரச் சட்டத்தில், குழந்தையின் கைவேலை என்பதில் ஐயத்துக்கே இடமில்லாத ஒரு காகித விமானம் சிக்கியிருந்தது. நீண்ட துடைப்பத்தால் அதை இறக்கிச் சோதித்ததில், அது ஒட்டப்பட்டதன்று, எறியப்பட்டதே என்பதால் சூத்திரத்துக்கு ஊறு நேரவில்லை என்பதும், அத்தாள் கணிதப் பயிற்சித்தாள் என்பதும், மதிப்பெண் எழுதிய மூலை மிகுந்த கவனத்தோடு உட்புறமாக மடிக்கப்பட்டிருந்தது என்பதும் புலனாயின.