மூங்கில் இல்லாமல் ஒரு தொரட்டி

எங்கள் தெருவில் இரவல் போகிற சாமான்களில் ஏணியும் கடப்பாரையும் எப்படியாவது திரும்பி வந்துவிடும். தொரட்டி வராது. வாங்கிப் போனவரிடம் இன்னொருவர் வாங்குவார், அவரிடம் அவர் மச்சான் வாங்குவார். மாங்காய்க் காலம் முடிகிறபோது அது எந்த வீட்டுச் சுவரில் சாய்ந்திருக்கிறதோ, அந்த வீட்டுத் தொரட்டி. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத இந்தப் பாத்தியதை முறைப்படி எங்கள் மூங்கில் தொரட்டி குடிபெயர்ந்த வருஷம் பார்த்துப் பின்வாசல் மாமரம் காய்த்துத் தள்ளியது.

புதிதாக ஒன்று செய்வது, அதில் மூங்கிலே கூடாது என்று முடிவெடுத்தேன். மூங்கில் உளுத்துப்போகும், வெடிக்கும் என்று வீட்டில் காரணம் சொன்னேன். உண்மைக் காரணம் ஊர்ப் பெருமை.

தளவானூர் என்றதும் "அணை உடைஞ்ச ஊரா?" என்பார்கள். அது தென்பெண்ணைக் கரைத் தளவானூர். 2021 ஜனவரியில் தடுப்பணை இடிந்தது அங்கே. எங்களுடையது செஞ்சிப் பக்கத்துத் தளவானூர். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த சத்ருமல்லேஸ்வரம் குகைக்கோயில் இங்கே இருக்கிறது. சுமார் 1400 வருஷமாக எதுவும் உடையவில்லை.

அந்த மகேந்திரவர்மன்தான் பக்கத்து மண்டகப்பட்டுக் குகையில் கல்வெட்டு வைத்தவர். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்கும் கோயில் எடுத்ததாக அதில் ஒரு பெருமிதம். 'உலோகம் இல்லாமல்' என்ற இடத்தில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். உளி எதனால் செய்ததாம்? கருங்கல்லில் அடிக்க அடிக்க இரும்பு உளி மழுங்கும். மழுங்கியதை உலையில் காய்ச்சி, தட்டிக் கூராக்கி, தண்ணீரில் தோய்த்துத் திரும்பக் கொடுக்க ஒரு கொல்லர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். மலை குடைந்து முடிகிற வரை துருத்தி ஓய்ந்திருக்காது. கல்வெட்டில் துருத்தி இல்லை, கொல்லர் இல்லை, உளி பிடித்த கையும் இல்லை. மன்னரின் விசித்திரசித்தன் என்ற பட்டப்பெயர் மட்டும் ஜம்மென்று இருக்கிறது. மத்தவிலாசப் பிரகசனம் என்று ஓரங்க நையாண்டி நாடகமே எழுதிய மனிதர். கல்வெட்டிலும் கொஞ்சம் விளையாடியிருக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன்.

அவர் நான்கு சாமான் இல்லாமல் கோயிலே கட்டினார். மூங்கில் ஒன்று இல்லாமல் ஒரு தொரட்டி கட்ட முடியாதா?

செஞ்சி காந்தி பஜாரில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். மளிகைக் கடையில் அரை கிலோ பருப்பு கேட்டால் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஹார்டுவேர் கடையில் ஒரு வாஷர் கேட்டால்கூட, "எதுக்கு?" என்ற கேள்வி வரும். பதில் சொல்லாமல் எதுவும் வாங்க முடியாது. பதில் சொல்லிவிட்டால், கேட்டதை வாங்க முடியாது.

"தொரட்டிக்கா? ஜிஐ பைப் போடுங்க சார், ஆயுசுக்கும் நிக்கும்" என்றார் கடைத் தம்பி.

"மரத்து மேல கரண்டு கம்பி போவுது தம்பி. அது நிக்கும், நான் நிக்க மாட்டேன்."

இது மட்டும் விளையாட்டில்லை. இரும்புக் குழாயையோ அலுமினியக் குழாயையோ தூக்கிக்கொண்டு மின்கம்பிக்குப் பக்கத்தில் காய் பறிப்பவர், அதுவே கடைசி மாங்காய் என்று தெரிந்துதான் பறிக்க வேண்டும். ஈரமான மூங்கிலையும் நம்பக்கூடாது. கம்பியை உரசும் கிளை என்றால் காயை அணிலுக்கு விட்டுவிடுவதே மரியாதை.

பிவிசி என்று முடிவானது. "ஆறு கிலோவா, பத்து கிலோவா?" என்றார் தம்பி. ஒரு குழாய்க்குப் பத்து கிலோ எடையா என்று, மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தவர் போலிருந்த ஒரு வெளியூர்க்காரர் பின்வாங்கினார். எடை இல்லை, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அந்தக் குழாய் தாங்குகிற தண்ணீர் அழுத்தம். பத்து கிலோ என்றால் சுவர் தடிமன். மோட்டார் கொட்டகைக்குப் பைப் வாங்க வந்திருந்த ஒரு பெரியவர் பத்துதான் என்று தீர்ப்புச் சொன்னார். நான் வாங்கினேன் என்பதைவிட, அவர் எனக்காக வாங்கினார் என்பதே சரி.

அப்புறம் அளவு. 'ஒரு இன்ச்' என்று கேட்டால் கொடுப்பது 32 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள குழாய். ஒரு இன்ச் என்பது 25.4. சரி, உள்விட்டம் ஒரு இன்ச்சாக இருக்கும் என்று அளந்தால் அதுவும் இல்லை. 'முக்கால் இன்ச்' என்கிற குழாய்தான் 25 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு இன்ச்! நம் தாசில்தார் ஆபீஸ் பட்டாவில்கூட இதைவிட நெருக்கமாக அளவு இருக்கும். எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுக்குள் ஒன்று நுழைய வேண்டும். முக்கால், ஒரு இன்ச்சுக்குள் போனது, லொடலொடவென்று ஆடியது. நடுவில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினால் ஆடாது என்றார் பெரியவர். குறுக்கே துளை போட்டு ஒரு போல்ட், கையாலேயே திருகுகிற காதுள்ள நட், ஓஸ் கிளாம்பு, கெட்டிக் கம்பி, ஒரு பன்னருவா. பில் போட்ட காகிதத்தை வரும் வழியிலேயே தொலைத்தேன், வேண்டுமென்றே.

வெட்டுவதற்கு ஏன் பன்னருவா, உலுக்கினால் விழாதா என்று கேட்கலாம். விழும், அடிபட்ட காய் பழுக்காது, அழுகும். காம்பை ஒட்டிப் பிய்த்தால் பால் வழிந்து தோலைக் கருக்கிவிடும். காம்போடு வெட்டி, கீழே தொங்குகிற வலையில் பிடிக்க வேண்டும். வலைக்கு வெங்காய மூட்டை.

பன்னருவாவைக் குழாயில் பொருத்துவது தனிக் கலை. பிவிசியைத் தணலில் காட்டினால் மாவு மாதிரி இளகும். இளகியதும் அருவாளின் மரப்பிடியை உள்ளே அழுத்தி, ஈரத்துணி சுற்றினால் கவ்விப் பிடித்துக்கொள்ளும். கருகவிட்டால் கண்ணெரிகிற புகை வரும். ஆகவே வெளியே, காற்றோட்டத்தில், தென்னமட்டைத் தணலில் செய்ய வேண்டும். இதை கேஸ் அடுப்பில் செய்யலாமே என்று அடுப்படி வாசல் வரை போனேன். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அருவாளை ஒருமுறை பார்த்தாள், குழாயை ஒருமுறை பார்த்தாள். தென்னமட்டை பொறுக்கப் போய்விட்டேன்.

தொரட்டி தயாரானது. படுக்கவைத்திருந்தபோது அழகாக இருந்தது. நிமிர்த்தியதும் நுனி குனிந்து எங்கள் எல்லோருக்கும் கும்பிடு போட்டது. நுனியில் அதே பாரம் இருக்க, கழியின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால் வளைவு எட்டு மடங்காகும் என்பது இயற்பியல். அந்தக் கணக்கு எதுவும் தெரியாமல், திண்ணையில் காலையிலிருந்து உட்கார்ந்தபடியே மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா, முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"உள்ள ஒரு மூங்கிக் கழிய சொருவுடா."

மெல்லிய கழி ஒன்றைச் செதுக்கிச் சொருகினோம். நிமிர்ந்து நின்றது. மன்னர் உலோகத்தைக் கல்வெட்டில் சொல்லாமல் விட்டதுபோல், மூங்கிலை நான் வெளியே தெரியாமல் உள்ளே வைத்திருக்கிறேன். அரச மரபுக்கு ஒரு குறைவும் இல்லை.

பிரமாதமாக வேலை செய்கிறது, அதுதான் தொல்லை. கொடுக்காப்புளிக்குக் கேட்டார்கள், முருங்கைக்குக் கேட்டார்கள், ஆட்டுக்குத் தழை ஒடிக்கக் கேட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மொட்டை மாடியில் விழுந்த பந்தை வலையில் வாரி எடுத்தார்கள். எதிர்வீட்டு அண்ணி அருவாளைக் கழற்றிவிட்டு விளக்குமாற்றைச் சொருகி ஒட்டடை அடித்திருக்கிறார். கழற்றி மாட்ட வசதியாக ஓஸ் கிளாம்பு போட்டது நல்ல யோசனை என்று பாராட்டும் வந்தது. வாங்கிப் போகிறவர்கள் எல்லாரும் திண்ணையைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள். "எடுத்துனு போ, பாத்து புடி, கம்பி கிட்ட போவாத" என்று சித்தப்பாதான் உத்தரவு கொடுக்கிறார்.

போன வாரம் அது வீட்டுக்கு வந்தபோது கவனித்தேன். அடிக்குழாயில், ட்ராக்டருக்கு நம்பர் எழுதுகிற பெயிண்டில், கொட்டை கொட்டையாக ஒரு பெயர் எழுதியிருந்தது. சித்தப்பாவின் பெயர், இனிஷியலோடு.

"என்ன சித்தப்பா இது?"

"பேர் எழுதலன்னா எவனாவது தூக்கினு போயிடுவாண்டா" என்றார். "உன் பேர எழுதினா இந்த ஊர்ல எவனுக்குத் தெரியும்?"